ஆப் டாக்ஸி, ஆட்டோ: கட்டணம் எகிறினால், கிரெடிட் கழியாவிட்டால், டிரைவர் வராவிட்டால்

ஓலா, ஊபர், ராபிடோ, நம்ம யாத்ரி என்று எதில் வண்டி பிடித்தாலும், தகராறு வந்தால் முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: என் பணம் இப்போது யாரிடம் இருக்கிறது? கார்டு, வாலட், ஆப்புக்குள்ளேயே யூபிஐ என்று கட்டியிருந்தால் நிறுவனத்திடம். டிரைவரின் க்யூஆரை ஸ்கேன் செய்தோ ரொக்கமாகவோ கொடுத்திருந்தால் டிரைவரிடம். கணக்கில் கழிந்து எங்கேயும் போய்ச் சேரவில்லை என்றால் வங்கியிடம். புகார்கள் வாரக்கணக்கில் இழுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம், பணம் இல்லாத இடத்தில் போய்ப் பணத்தைக் கேட்பதுதான். கீழே உள்ளவை சென்னையை வைத்து எழுதியவை. நுகர்வோர் சட்டம், வங்கி விதி எல்லாம் நாடு முழுவதற்கும் பொருந்தும்.

புக் செய்தபோது ஒரு கட்டணம், இறங்கும்போது வேறு கட்டணம் (கார்)

டிரைவரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் ஆப்பில் அந்தப் பயணத்தின் பில்லைத் திறந்து, மொத்தத் தொகையை விட்டுவிட்டு ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். அடிப்படைக் கட்டணம், கிலோமீட்டர், நிமிடம், காத்திருப்பு, டோல், பார்க்கிங், வரி, முந்தைய பாக்கி. ஏறிய தொகை இவற்றில் ஏதோ ஒரு வரியில்தான் உட்கார்ந்திருக்கும்.

கிலோமீட்டர் கூடியிருந்தால், பயண வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு வீடுகளுக்கு மேலே ஏறி இறங்கி, கோணல்மாணலாகப் போயிருந்தால் அது ஜிபிஎஸ் கோளாறு. மேம்பாலத்துக்கு அடியிலும் உயரக் கட்டடங்களுக்கு நடுவிலும் சிக்னல் தெறிப்பதால் வண்டி நின்ற இடத்திலேயே ஓடியதாகக் கணக்கு ஏறும். அந்த வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றே போதுமான ஆதாரம். கோடு சுத்தமாக இருந்து, வழி மட்டும் சுற்று வழியாக இருந்தால், கூகுள் மேப்பில் அதே இரு இடங்களுக்குக் காட்டும் தூரத்தையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் போலீஸ் தடுப்பால் சுற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு. மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் மேப்புக்கே தெரியாத மாற்றுப்பாதைகள் இருக்கின்றன.

இன்னொரு காரணம் நம் பக்கத்தில் இருக்கலாம். சென்னையில் ‘2வது மெயின் ரோடு’ இல்லாத குடியிருப்புப் பகுதியே கிடையாது. தெருப் பெயரை மட்டும் தட்டி முதலில் வந்ததைத் தேர்ந்தெடுத்தால் ட்ராப் வேறு பேட்டையில் விழுந்துவிடும். வழியில் திருத்தினால் முன்கூட்டிச் சொன்ன கட்டணம் ரத்தாகிப் புதிதாகக் கணக்கிடப்படும். ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை மாதிரி நடுவில் தடுப்புள்ள சாலைகளில், மேப்பில் இடத்தைக் குறிக்கும் பின் (pin) எதிர்ப்பக்கம் விழுந்தாலே போதும், யூ-டர்னுக்காக ஒன்றிரண்டு கிலோமீட்டர் சேர்ந்துவிடும். தெருப் பெயருக்குப் பதிலாக அங்குள்ள கடை, கோயில், பள்ளி என்று ஏதாவது ஒன்றின் பெயரைப் போட்டுத் தேடினால் பின் சரியாக உட்காரும்.

பில்லில் உள்ள டோல் தனிக் கதை. எந்தச் சாவடியைத் தாண்டினீர்களோ அதற்கு மட்டும்தான் அது வர வேண்டும். ராஜீவ் காந்தி சாலையில் (ஓஎம்ஆர்) பெருங்குடி, துரைப்பாக்கம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் சாவடிகளில் 2021 ஆகஸ்டிலேயே வசூல் நின்றுவிட்டது. நாவலூர் சாவடியில் 2023 அக்டோபரில் நின்றது. அந்தச் சாலையிலேயே தொடங்கி அங்கேயே முடிந்த பயணத்துக்கு டோல் விழுந்திருந்தால் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். மற்ற இடங்களில் சந்தேகம் இருந்தால், வண்டியின் ஃபாஸ்டேகில் பணம் கழிந்த எஸ்எம்எஸ் டிரைவர் போனுக்கோ உரிமையாளர் போனுக்கோ வந்திருக்கும். இறங்கும் முன் காட்டச் சொல்லலாம். கேட்பதில் தப்பில்லை, மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலான டிரைவர்கள் காட்டிவிடுவார்கள். டோல் பணம் ஆப் வழியாக வந்துவிட்டதா, கையில் தர வேண்டுமா என்பதையும் அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு முறை கொடுப்பது இந்த ஒரு வரியில்தான் அதிகம் நடக்கிறது.

விமான நிலையத்தில் ஏறும்போது பார்க்கிங் கட்டணம் சேரும். சென்னையில் ஆப் வண்டிகள் பல அடுக்கு வாகன நிறுத்துமிடத்திலிருந்துதான் ஏற்றுகின்றன. பெட்டி வரும் முன்பே புக் செய்துவிட்டு அப்புறம் பொடிநடையாக அங்கே போனால் காத்திருப்புக் கட்டணமும் ஏறும். நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றபிறகு புக் செய்யுங்கள்.

மழை நாளில் இரண்டு மடங்கு காட்டுகிறது

தேவை கூடும்போது கட்டணம் கூடுவது விதிப்படி அனுமதிக்கப்பட்டதே. மத்திய அரசின் 2020 வழிகாட்டு நெறிகள் அடிப்படைக் கட்டணத்தில் ஒன்றரை மடங்குவரை அனுமதித்தன. 2025 ஜூலையில் வந்த புதிய நெறிகள் இரண்டு மடங்குவரை போகலாம் என்கின்றன. அந்த அடிப்படைக் கட்டணத்தை அறிவிக்க வேண்டியது மாநில அரசு, நெறிகளை ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டியதும் மாநில அரசுதான். ஆகவே ‘நேற்று 180, இன்று 360’ என்று ஒப்பிடுவது புகாரில் எடுபடாது.

செய்யக்கூடியது: பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். நெரிசலான சந்திப்பை விட்டு அடுத்த தெருவுக்கு நடந்து பிக்கப்பை மாற்றிப் பாருங்கள். கட்டணப் பக்கத்தில் ‘முன்கூட்டியே டிப்ஸ்’ என்று ஏதாவது தொகை தேர்வாகியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். வண்டி சீக்கிரம் கிடைக்கும் என்று ஆசைகாட்டி இப்படி டிப்ஸ் கேட்பது குறித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் ஊபருக்கு நோட்டீஸ் அனுப்பியது.

ஆண்ட்ராய்டில் ஒரு விலை, ஐபோனில் ஒரு விலை என்ற சந்தேகத்துக்காக 2025 ஜனவரியில் ஓலாவுக்கும் ஊபருக்கும் அதே ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. போனைப் பார்த்து விலை வைப்பதில்லை என்று நிறுவனங்கள் மறுத்தன. நீங்கள் சோதிப்பதானால் இரு போன்களிலும் ஒரே நிமிடம், ஒரே பின், ஒரே வகை வண்டி இருக்கட்டும். ஒரு கணக்கில் கூப்பன் ஒட்டியிருந்தால் அந்த ஒப்பீடு செல்லாது.

ஆட்டோ: ஆப்பில் 120, டிரைவர் 170 கேட்கிறார்

இதைப் புரிந்துகொள்ள, ஆட்டோவில் நிறுவனங்களின் பிழைப்பு எப்படி மாறியது என்று தெரிய வேண்டும். முன்பு ஒவ்வொரு சவாரியிலும் கமிஷன் எடுத்தார்கள். இப்போது டிரைவரிடம் நாளுக்கு இவ்வளவு என்று சந்தா வாங்கிக்கொண்டு, சவாரிப் பணத்தில் கைவைப்பதில்லை. ஊபர் ஆட்டோ 2025 பிப்ரவரி 18 முதல் இந்த முறைக்கு வந்தது. அன்றுமுதல் அதில் காட்டும் தொகை வெறும் பரிந்துரை. பணம் ரொக்கமாகவோ யூபிஐயிலோ நேராக டிரைவருக்கு. ‘டிரைவர் கூடுதலாக வாங்கினார், திருப்பிக் கொடுங்கள்’ என்று ஆப்பில் எழுதினால், எங்களிடம் அந்தப் பணம் வரவே இல்லை என்ற பதில்தான் வரும். அது உண்மையும்கூட.

எனவே ஆட்டோவில் விலையைப் பேசி முடிக்க வேண்டிய நேரம் ஓடிபி சொல்வதற்கு முன்பு. ‘அண்ணா, ஆப்ல 120 காட்டுது, அதே தானே?’ என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். ஒத்துவரவில்லை என்றால் ஓடிபி சொல்லாமல் கேன்சல் செய்யலாம்; ஊபர் ஆட்டோவில் இதற்குக் கேன்சல் கட்டணமும் கிடையாது. பாதி வழியில் தொகையை உயர்த்தினால், ஏறும்போது ஒப்புக்கொண்ட தொகையைச் சொல்லி அதையே கொடுங்கள். இரவு நேரம், ஆள் நடமாட்டமில்லாத இடம் என்றால் கேட்டதைக் கொடுத்துவிட்டு இறங்கி, வண்டி எண்ணோடு பிறகு புகார் செய்வதே நல்லது. ஐம்பது ரூபாய்க்காக அங்கே நின்று வாதாட வேண்டாம்.

நியாயமான தொகை எது என்று மதிப்பிட ஒரு கணக்கு. 2013 ஆகஸ்டில் தமிழக அரசு நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. பத்தாண்டுக்கு மேல் அந்த அட்டவணை மாறவில்லை, எரிபொருள் விலை மாறிக்கொண்டே இருந்தது. அதனால் 2025 பிப்ரவரி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, பிறகு கிலோமீட்டருக்கு 18 என்று ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை. 8 கிலோமீட்டர் பயணத்துக்கு முதல் கணக்கில் 99 ரூபாய் 40 காசு, இரண்டாவது கணக்கில் 161 ரூபாய் 60 காசு. பகல் நேரத்தில் டிரைவர் கேட்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் பேசி முடித்துக்கொள்ளலாம். இரண்டாவதையும் தாண்டினால் அடுத்த ஆட்டோவைப் பாருங்கள்.

கிரெடிட் இருக்கிறது, ஆனால் பில்லில் கழியவில்லை

ஆப்பில் ‘உங்களிடம் 150 ரூபாய்’ என்று காட்டுவதெல்லாம் ஒரே ரகம் இல்லை. நீங்கள் போட்ட பணம் ஒன்று. பழைய பயணத்துக்கு நிறுவனம் திருப்பிக் கொடுத்த தொகை இன்னொன்று. விளம்பரத்துக்காகத் தந்த கிரெடிட், காயின், கூப்பன் மூன்றாவது. முதல் இரண்டும் உங்கள் பணம், விட்டுக்கொடுக்க வேண்டாம். மூன்றாவது நிபந்தனைக்கு உட்பட்ட சலுகை. எது எந்த ரகம் என்று வாலட் பக்கத்தில் வரவு விவரத்தைத் திறந்து பாருங்கள்.

பிறகு இந்த வரிசையில் சரிபாருங்கள்.

1. வண்டி வகை. மேலே சொன்ன ஊபர் ஆட்டோ முறையில் கிரெடிட்டும் சலுகையும் செல்லாது. காரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கழிவு வந்துவிட்டால் கோளாறு எதுவும் இல்லை.
2. பணம் கட்டும் முறை. ரொக்கம் தேர்வாகியிருந்தால் பல சலுகைகள் ஒட்டாது. வாலட்டுக்குப் பக்கத்தில் உள்ள சுவிட்ச் அணைந்திருந்தாலும் கழியாது.
3. அலுவலகக் கணக்கு. அலுவலகப் பயணத்துக்கான கணக்கும் சொந்தக் கணக்கும் ஒரே ஆப்பில் இருந்தால், சொந்தக் கணக்குக்குத் திரும்பிவிட்டுப் பாருங்கள்.
4. ‘வரை’ என்ற சொல். 50% தள்ளுபடி, 60 ரூபாய் வரை என்றால் 300 ரூபாய்ப் பயணத்தில் கழிவது 60 தான்.
5. காலாவதி. சில காயின்கள் ஒரே வாரத்தில் போய்விடும்.
6. பழைய மொபைல் எண். எண் மாற்றியபோது புதுக் கணக்கு திறந்திருந்தால் கிரெடிட் பழைய கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கழியவில்லை என்றால், புக் செய்யும் *முன்பு* கட்டணப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பயணம் முடிந்தபின் கிரெடிட்டைப் பின்தேதியிட்டுப் போட்டுத் தரச் சொல்வது கடினம்.

சலுகையின் நிபந்தனை விளம்பரத்துக்கே முரணாக இருந்தால் அது வேறு விஷயம். ‘5 நிமிடத்தில் ஆட்டோ, இல்லாவிட்டால் 50 ரூபாய்’ என்று ராபிடோ விளம்பரம் செய்தது. கிடைத்ததோ ‘50 வரை’ காயின். அதுவும் பைக் பயணத்துக்கு மட்டும், 7 நாளுக்குள். 2025 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, கிடைக்காதவர்களுக்கு 50 ரூபாயைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. அதனால் இப்படிப்பட்ட விளம்பரத்தைக் கண்டால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

ரீஃபண்ட் கூப்பனாக வந்திருக்கிறது

ஏற்க வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் ஓலா வழக்கில் அதே ஆணையம் தெளிவாகவே உத்தரவிட்டது: பணம் வங்கிக் கணக்குக்கு வேண்டுமா, கூப்பனாக வேண்டுமா என்று பயணியே தேர்ந்தெடுக்க வழி இருக்க வேண்டும். அந்த உத்தரவைக் குறிப்பிட்டு, கட்டிய அதே வழியில் திருப்பச் சொல்லுங்கள். கூப்பனைப் பயன்படுத்திவிட்டுப் பிறகு பணம் கேட்டால் கோரிக்கை பலவீனமாகிவிடும். முடிவு வரும்வரை அதைத் தொடாதீர்கள்.

யூபிஐயில் பணம் போய்விட்டது, பணம் வரவில்லை என்கிறார் டிரைவர்

திரையில் என்ன நிலை என்று பாருங்கள். ‘பெண்டிங்’ என்றால் உடனே இரண்டாவது முறை அனுப்பாதீர்கள். இரண்டும் போய்ச் சேரக்கூடும். ‘வெற்றி’ என்று இருந்தால் பெறுநர் பெயரைச் சரிபாருங்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் உரிமையாளர் பெயரிலோ டிரைவரின் மனைவி பெயரிலோ இருக்கும். எஸ்எம்எஸ் அந்த போனுக்குத்தான் போகும். டிரைவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டும் முன் ‘இந்தப் பேர் யாருண்ணா?’ என்று கேட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் காட்டுங்கள், படமும் எடுத்துக்கொள்ளட்டும்.

கழிந்து சேராமல் நின்ற பணம் தானாகத் திரும்பும். ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி தனிநபர் கணக்குக்கு அனுப்பியது மறுநாளுக்குள், வணிகர் கணக்குக்கு அனுப்பியது 5 நாளுக்குள் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். யூபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கேயே புகார் பதியுங்கள், பிறகு உங்கள் வங்கியில். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். விவரம் கேட்க 14448. டாக்ஸி நிறுவனத்துக்கும் இந்தப் பணத்துக்கும் சம்பந்தமில்லை.

காரில் இதற்கு நேர்மாறான சிக்கல் உண்டு: ஆப்பில் வாலட் தேர்வாகியிருக்க, டிரைவர் கேட்டதால் கையிலும் கொடுத்துவிடுவது. பயணம் முடிந்ததும் டிரைவர் போனில் வசூலிக்க வேண்டிய தொகை வரும். அதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பூஜ்யம் என்றால் கொடுக்க ஒன்றுமில்லை. ரொக்கம் கொடுத்தபின் ‘வாங்கியாச்சு’ என்று அவர் தட்டுவதையும் பாருங்கள். தட்டாமல் போனால் அதுவே அடுத்த பயணத்தில் ‘முந்தைய பாக்கி’ என்று வந்து நிற்கும்.

வண்டி நகரவே இல்லை. ‘நீங்களே கேன்சல் பண்ணுங்க’ என்கிறார்

டிரைவர் ஏன் இதைச் செய்கிறார் என்பது தெரிந்தால் கையாள எளிது. அவர் கேன்சல் செய்தால் அவருடைய கணக்கில் அது குறையாக ஏறும், ஊக்கத்தொகை போகும். பிக்கப்புக்கு வரும் தூரத்துக்கு அவருக்குக் காசு கிடைப்பதில்லை. ட்ராப் இடத்திலிருந்து திரும்பிவர சவாரி கிடைக்காது என்றாலும் தயங்குவார். அன்றைய டீசலுக்குக் கையில் ரொக்கம் வேண்டும் என்பதால் ‘கேஷா, ஆன்லைனா?’ என்று கேட்பார். இது அவர்கள் பிழைப்பின் நெருக்கடி. ஆனால் அதற்கான கட்டணம் உங்கள் தலையில் விழக்கூடாது.

மூன்று நான்கு நிமிடம் வரைபடத்தில் வண்டி அசையாமல் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆப்புக்குள் உள்ள மெசேஜில் ‘வருகிறீர்களா?’ என்று எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியது பதிவாகாது, மெசேஜ் நிற்கும். பிறகு கேன்சல் செய்யும்போது காரணத்தில் ‘டிரைவர் கேன்சல் செய்யச் சொன்னார்’ அல்லது ‘வண்டி வரவில்லை’ என்பதையே தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் ‘திட்டம் மாறிவிட்டது’ என்று தட்டினால் தவறு உங்களுடையது என்று பதிவாகும், கட்டணமும் விழும். விழுந்துவிட்டால் பில்லுக்குள் கேன்சல் கட்டணத்தை எதிர்க்கும் வழி இருக்கும், அன்றே செய்யுங்கள். மத்திய நெறிகளின்படி இந்தக் கட்டணம் பயணத் தொகையில் 10%, அதிகபட்சம் 100 ரூபாய். காரணமில்லாமல் கேன்சல் செய்யும் டிரைவருக்கும் அதே அளவுதான்.

ஏறவே இல்லை, பயணம் ஓடிக்கொண்டிருக்கிறது

ஓடிபியை போனில் சொல்லியிருப்பீர்கள். வண்டி எண்ணைப் பார்த்து உட்கார்ந்தபின் மட்டுமே சொல்லுங்கள். பயணம் தொடங்கிவிட்டது என்றால் ஆப்பின் பாதுகாப்புப் பகுதியிலிருந்து உடனே தெரிவியுங்கள். உங்கள் போன் அந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்ததற்கு லொகேஷன் பதிவு ஆதாரமாகும். இறங்கியபிறகும் பயணம் முடியாமல் ஓடினால், பெரும்பாலும் டிரைவர் போனில் நெட் போயிருக்கும். இறங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு அவரை அழைத்து முடிக்கச் சொல்லுங்கள்.

வண்டி எண் ஆப்பில் உள்ளதோடு பொருந்தவில்லை என்றால் ஏறாதீர்கள். ‘அந்த வண்டி ரிப்பேர், அதான் இது’ என்ற விளக்கம் உண்மையாகவே இருந்தாலும், உங்கள் காப்பீடும் பயணப் பதிவும் ஆப்பில் உள்ள எண்ணில்தான் இருக்கின்றன. நடு வழியில் பயம் ஏற்பட்டால் அவசர உதவி எண் 112.

புகார் எழுதுவது எப்படி

கோபத்தைக் கொட்டினால் தானியங்கிப் பதில்தான் வரும். ஒரு புகாரில் ஒரே பிரச்சினை, தொகை, ஆதாரம், என்ன வேண்டும் என்பது. இந்த மாதிரி:

‘பயண எண் (இங்கே போடவும்), மாலை 6.40. புக் செய்தபோது காட்டியது 312 ரூபாய், எடுத்தது 398. ஏறிய இடமும் இறங்கிய இடமும் மாறவில்லை, நடுவில் நிற்கவில்லை. கூடுதலான 86 ரூபாய் எந்த வரியில் வந்தது என்று சொல்லுங்கள். அதை நான் கட்டிய அதே வழியில் திருப்புங்கள், கூப்பன் வேண்டாம். இரண்டு ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன்.’

முதல் பதில் ‘கட்டணம் சரியே’ என்று வந்தால் அதே உரையாடலிலேயே மறுபடி எழுதுங்கள். புதிதாகத் திறந்தால் முதலிலிருந்து தொடங்கும். அடுத்தது நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி. 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெயரும் மின்னஞ்சலும் ஆப்பின் சட்டப் பகுதியில் இருக்கும்.

அதன்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், வாட்ஸ்அப்பில் 8800001915. அங்கேயும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும்.

கடைசியாக ஒன்று. கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாதீர்கள். அப்படிக் கிடைக்கும் எண்களில் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள்: ரீஃபண்ட் அனுப்புகிறோம், க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள், யூபிஐ பின் போடுங்கள், திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்குங்கள் என்பார்கள். பணம் வாங்க யூபிஐ பின் தேவையே இல்லை. கேட்டால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.